யானை இறந்தாலும் ஆயிரம் பொன்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன், நண்பர்கள் மூன்று பேரோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்து, வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை தங்கிவிட்டு வந்திருக்கிறான். தாடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கிறது. பின்னால் ஆயிரக்கணக்கில் வண்டிகள், புகை, நெருப்பு. படங்களுக்குக் கீழே நீங்கள் எழுதியதையும் படித்தேன். "ஹீட்டர் இருக்கிற வீட்டை விட்டுட்டு ஏண்டா?" என்று ஒருவர். "கிறுக்கு முத்திடுச்சு" என்று இன்னொருவர். மறுநாள் அவன் அம்மாவே எனக்குப் போன் செய்து, "டீச்சர், நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார்.

புத்தி சொல்வதற்கு முன்னால் வரலாறு சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. டீச்சருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, பின்னால் வரும்.

அவன் போய்வந்த கூட்டத்தின் பெயர் 'எலெஃபான்டென்ட்ரெஃபென்'. ஜெர்மன் மொழியில் 'யானைகளின் சந்திப்பு' என்று பொருள். யானையே இல்லாத நாட்டில் யானைக் கூட்டமா? அந்த யானை ஒரு மோட்டார் சைக்கிள். அது பிறந்த கதையை முதலில் சொல்லவேண்டும்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் நூரெம்பெர்க் நகரத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பீரங்கிக் குண்டுகளுக்குள் வைக்கும் பற்றவைப்புக் கருவிகளைச் செய்வது அதன் வேலை. 'சுண்டாப்' என்ற அதன் பெயரிலேயே அது இருக்கிறது. 'சுண்டர்' என்றால் பற்றவைப்பது, 'அப்' என்பது கருவியைக் குறிக்கும் சொல்லின் முன்பாதி. அடுத்த ஆண்டே போர் முடிந்துவிட்டது. குண்டு செய்பவனுக்குச் சமாதானம் வந்தால் என்ன ஆகும்? வேலை போகும். அந்த ஆலை வேறு பிழைப்புத் தேடி, 1921-இல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது.

நன்றாகவே செய்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடியும் ராணுவம் கதவைத் தட்டியது. இந்த முறை கேட்டது வண்டி. கேஎஸ் 750 என்று ஒன்றைச் செய்தார்கள். பக்கத்தில் பெட்டி வைத்த சைடுகார் வண்டி. 'ஷோலே' படத்தில் அமிதாப்பும் தர்மேந்திராவும் பாடிக்கொண்டு போவார்களே, அந்த அமைப்பு. ஆனால் இதில் பெட்டியின் சக்கரமும் இன்ஜின் பலத்தில் சுழலும், பின்னோக்கிப் போக ரிவர்ஸ் கியரும் உண்டு. சேற்றிலும் பனியிலும் மணலிலும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அப்படி. போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேல் செய்து அனுப்பினார்கள். ரஷ்யப் பனிக்கும் ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் அவை போயின. அவற்றின் மேல் உட்கார்ந்து போன பையன்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அந்தப் போரை யார் தொடங்கினார்கள், என்ன கொடுமை செய்தார்கள் என்பதையெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே திரும்பச் சொல்லவில்லை.

போருக்குப் பிறகு ஜெர்மனி இடிபாடாகக் கிடந்தது. சுண்டாப் ஆலை தையல் மெஷின்கூடச் செய்தது. மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பி, 1950-களின் தொடக்கத்தில் கேஎஸ் 601 என்ற பெரிய வண்டியைக் கொண்டுவந்தார்கள். 597 சிசி, 28 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக விரிந்திருக்கும். பருத்த உடம்பு, பச்சை நிறம். சைடுகாரைக் கோத்து, அதில் மனைவி, குழந்தை, மூட்டை எல்லாவற்றையும் ஏற்றினாலும் அசராமல் இழுக்கும். மக்கள் அதைப் 'பச்சை யானை' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். போரில் ஆள் சுமந்தவனின் தம்பி இப்போது குடும்பம் சுமக்க வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்து ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் என்பது வாலிபர்களின் விளையாட்டுச் சாமான் கிடையாது. கார் வாங்க வழியில்லாதவர்களின் வாகனம். மழையிலும் குளிரிலும் அதில்தான் ஆலைக்குப் போனார்கள். நம் ஊரில் டிவிஎஸ் 50-ஐ யார் வைத்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள், புரியும். கையில் காசு வந்ததும் முதல் வேலையாகக் கார் வாங்கினார்கள். 1955 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வேகன் ஆலையிலிருந்து பத்து லட்சமாவது 'வண்டு' கார் வெளியே வந்தது. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பி.எம்.டபிள்யூ கம்பெனி 1954-இல் ஏறக்குறைய 30,000 மோட்டார் சைக்கிள் செய்தது. மூன்றே ஆண்டுகளில், 1957-இல், அது 5,500-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1959 டிசம்பரில் அந்தக் கம்பெனியையே டைம்லர்-பென்ஸ் வாங்கிக்கொள்வதாக இருந்து, சிறு பங்குதாரர்கள் கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டதால் கடைசி நேரத்தில் தப்பித்தது. மற்றவை தப்பவில்லை. பெயர்பெற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக மோட்டார் சைக்கிளைக் கைவிட்டன. நம் பச்சை யானையும் 1950-கள் முடிவதற்குள் நின்றுபோனது. சுண்டாப், நூரெம்பெர்க் ஆலையை விட்டு மூனிக்குக்குப் போய்ச் சின்னச் சின்ன வண்டிகள் செய்ய ஆரம்பித்தது.

மோட்டார் சைக்கிளின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் இந்தக் கூட்டம் பிறந்தது.

எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்று ஒரு பத்திரிகையாளர். 'தாஸ் மோட்டோராட்' என்ற பத்திரிகைக்காக வண்டிகளை ஓட்டிப் பார்த்து நிறை குறை எழுதுவார். 'கிளாக்ஸ்' என்ற புனைபெயரில் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவருக்கு ஒரு பிடிவாதம். மோட்டார் சைக்கிள் என்றால் பன்னிரண்டு மாதமும் ஓட்டவேண்டும், குளிர்காலம் வந்ததும் சாக்கைப் போட்டு மூடி மூலையில் நிறுத்தக்கூடாது. 1956-இன் குளிர்காலத்தில், பச்சை யானை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டியிலேயே வந்து சேருங்கள் என்று அழைப்பு விடுத்தார். ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் சோலிட்யூட் பந்தயப் பாதையை ஒட்டிய கிளெம்செக் என்ற இடம். சுமார் இருபது பேர் வந்தார்கள்.

இருபதே பேர். மேடை இல்லை, பரிசு இல்லை. பேசினார்கள், வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டும் வருவோம் என்று சொல்லிக் கலைந்தார்கள். சொன்னபடி வந்தார்கள். பிறகு மற்ற வண்டிக்காரர்களும் 'நாங்களும் வரலாமா' என்று கேட்டார்கள். வாருங்கள் என்றார்கள். இந்தப் பெருந்தன்மைதான் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பச்சை யானைக்காரன் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று கதவைச் சாத்தியிருந்தால், அந்த வண்டி தேயத் தேயக் கூட்டமும் தேய்ந்து முடிந்திருக்கும். வண்டி எதுவானாலும் சரி, குளிரில் ஓட்டிக்கொண்டு வந்தால் நீயும் யானைதான் என்று ஆக்கிவிட்டார்கள்.

கூட்டம் பெருகியதும் இடம் போதவில்லை. 1961 முதல் ஐஃபெல் மலைப்பகுதியில் உள்ள நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்கு மாறினார்கள். 1927-இல் திறந்த புகழ்பெற்ற பாதை அது. ஓர் ஆண்டு கழித்து, 1962-இல், பிரிட்டனில் வேல்ஸ் மலைகளில் 'டிராகன் ராலி' என்று இன்னொரு குளிர்காலக் கூட்டம் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

1969-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி நான்கு சிலிண்டர் வைத்த சிபி 750 வண்டியைக் கொண்டுவந்தது. அதுவரை ஏழையின் வாகனமாக இருந்த மோட்டார் சைக்கிள், ஐரோப்பாவில் ஆசைக்கு வாங்கும் பொருளாக மறுபடி எழுந்தது. புது வண்டிக்காரர்கள் யானைக் கூட்டத்துக்கும் பல்லாயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போக, 1977-க்குப் பிறகு நியூர்பர்க்ரிங்கை விட்டுக் கிளம்பவேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்ரிங்கில் நடந்தது. கடைசியில் 1989-இல் பவேரியக் காட்டுப் பகுதியில் தூர்மன்ஸ்பாங் ஊரை ஒட்டிய சொல்லா என்ற சிற்றூரில் வந்து நிலைத்தது. நம் பிள்ளை போன இடம் அதுதான். சுற்றிலும் சரிவு, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு 'சூனியக்காரியின் கொப்பரை' என்று பெயர். ராத்திரியில் நூற்றுக்கணக்கான இடத்தில் நெருப்பு எரிந்து புகை எழும்பும்போது மேலிருந்து பார்த்தால் பெயர் பொருத்தம் தெரியுமாம்.

அங்கே எப்படித் தங்குகிறார்கள் என்று அவனிடம் விசாரித்தேன். முதலில் மண்வாரியால் பனியைத் தள்ளி இடம் செய்யவேண்டும். அதன்மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பவேண்டும். வைக்கோலும் விறகும் அங்கேயே விற்கிறார்கள். தரைக் குளிர் முதுகில் ஏறாமல் இருக்க வைக்கோலை மிஞ்சிய மெத்தை இல்லை என்றான். அதன்மேல் கூடாரம், உள்ளே தூக்கப் பை. வாசலில் ஒரு நெருப்பு. அதன்மேல் ஒரு கொப்பரை சூப். வண்டிக் கைப்பிடிகளுக்குக் கம்பளி உறை, சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி. பழைய சைடுகார் வண்டிகள் இங்கே இன்றும் ஏன் அதிகம் என்றால், மூன்று சக்கரம் இருப்பதால் பனியில் சறுக்கினாலும் சாயாது, பெட்டியில் கூடாரத்தையும் அடைத்துக்கொண்டு வரலாம். காலையில் வண்டி கிளம்பாது. இன்ஜின் எண்ணெய் குளிரில் இறுகிப்போயிருக்கும். பக்கத்துக் கூடாரத்துக்காரன் வந்து தள்ளுவான். அவன் இத்தாலிக்காரனாக இருப்பான், இவனுக்கு இத்தாலி மொழி தெரியாது. தள்ளுவதற்கு மொழி எதற்கு?

அவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பதிவை எழுதவேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை இரவு ஆட்டம் பாட்டம் எல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிடும். கைகளில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலமாகப் போவார்கள். சாலையில் உயிர்விட்ட மோட்டார் சைக்கிள்காரர்களை நினைத்து அஞ்சலி செலுத்துவார்கள். தாடியும் மீசையுமாக, பார்த்தால் பயப்படும்படி இருக்கும் ஆட்கள் எல்லாம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்பார்களாம்.

அவன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுல இருக்கிற ஆபத்து அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு" என்றார். ஆமாம் அம்மா, நம்மைவிட நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒருவரையொருவர் விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது என் சம்பந்தம். சுண்டாப் கம்பெனி நம் மாவட்டத்துக்கே வந்திருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இராணிப்பேட்டையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் ஆலை இருந்ததே, அங்கே 1980-களில் 'எக்ஸ்ப்ளோரர்', 'சில்வர் பிளஸ்' என்று 50 சிசி வண்டிகள் செய்தார்கள். இரண்டும் சுண்டாப்பின் வடிவமைப்பு. 'ஃபியூரி 175' என்று வந்த வண்டியும் அவர்களுடையதுதான். உங்கள் சார் (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவாரே, அந்தச் சில்வர் பிளஸ்ஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். மழைநாளில் அதைத் தள்ளிவிட்ட பையன்கள் சிலர் இன்று தாத்தாவாகப் போகிறீர்கள். பச்சை யானையின் பேரப்பிள்ளை ஒன்றின் பின்சீட்டில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்து வந்தவள் நான். சொந்தம் கொண்டாட எனக்கு உரிமை இல்லையா?

1984-இல் சுண்டாப் திவாலாகிவிட்டது. ஆலையின் இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்றார்கள். குண்டுக்கருவியில் தொடங்கி 67 ஆண்டுகள் ஓடிய கம்பெனி அத்தோடு முடிந்தது. ஆனால் அதன் வண்டிக்காக இருபது பேர் கூடிய கூட்டம் முடியவில்லை. லெவர்குஸ் 1998-இல் காலமானார், அப்போதும் முடியவில்லை. இன்று அங்கே வருகிறவர்களில் பச்சை யானை வைத்திருப்பவர்கள் வெகு சொற்பம். பெயர் மட்டும் யானைகளின் சந்திப்பு என்றே இருக்கிறது.

நம் புல்லட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. தாய்க் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் மூடிப்போனது. பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது. பிறந்த இடத்தில் இல்லாவிட்டாலும், விரும்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிற இடத்தில் ஒரு வண்டி உயிரோடு இருக்கும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். தந்தத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. இந்த யானை இறந்து ஆறு மாமாங்கம் ஆகப்போகிறது. அது விட்டுப்போன தந்தம் எது என்று கேட்டால், 'அடுத்த ஆண்டும் வருவோம்' என்று அந்த இருபது பேர் சொன்ன சொல்லும், சொன்னபடி வந்ததும்தான் என்பேன். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இருந்திருக்காது.

இதை ஏன் உங்களுக்கு இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்பது சிலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நாம் படித்த, நான் பாடம் எடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகள் மிகவும் குறைந்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது. அதைத் தடுக்க நம் கையில் அதிகாரம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவோம் என்று ஆறு வருடம் முன்னால் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். முதல் ஆண்டு எண்பது பேர், சாப்பாட்டுக்கு இலை போதவில்லை. அடுத்த ஆண்டு நாற்பது. அதற்கடுத்து இருபதுக்கும் குறைவு. 'ஆள் சேரவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் டீச்சர்' என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. கொரோனாவில் இரண்டு பேரை இழந்தோம், பைபாஸ் சாலையில் பைக்கில் போய் ஒருவனை இழந்தோம். குழுவில் கண்ணீர்ப் படம் போட்டோம். ஒருநாள்கூட ஒன்றாக நின்று அவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஆள் சேரவில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். இருபது பேர் போதும் என்று ஒரு ஜெர்மன்காரர் நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார். நம் வகுப்பு மட்டும்தான் என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். முன்னால் படித்தவர்கள், பின்னால் படித்தவர்கள், பாதியில் நின்றவர்கள், பத்தாவது தவறியவர்கள் எல்லோரும் வரட்டும். அந்தப் பள்ளிக்கூடத்து மணியைக் கேட்ட யாரானாலும் நம் பிள்ளைதான்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி, பள்ளி மைதானத்து வேப்பமரத்தடி. மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம். தலைமையாசிரியரிடம் அனுமதிக்கு நானே பேசிவிட்டேன். புளிசாதமும் தயிர்சாதமும் என் வீட்டிலிருந்து வரும். முதலில் மூன்று அகல் ஏற்றி மூன்று பெயரையும் சொல்வோம், அப்புறம் சாப்பாடு. பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட் போட்டு, அதன் வாரையும் மாட்டிக்கொண்டு வரவேண்டும். வாசலில் நின்று நானே பார்ப்பேன்.

வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து ரொம்ப நாள் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்